மறந்து தின்றால் முறியாது

“உங்க சட்டையில நெய்ச்சோறு வாசம் வருது வாப்பா” என்று மடியில் கிடந்த மர்ஜானா சொன்னதும் கோதர் மைதீன் தன் தோளை முகர்ந்து பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை, வீட்டில் துவைத்து மடித்துப் பையில் வைத்து அனுப்பிய சட்டைதான், சோப்பு வாசம்தான் அடித்தது அவனுக்கு, ஆனால் பிள்ளை மூக்கை அவன் நெஞ்சில் அழுத்தி இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டிருந்தாள், பசித்த மூக்குக்குத் தெரிவது வேறு போல, கல்யாண வீடுகளின் பின்கட்டில் விறகுப்புகைக்கும் நெய்க்கும் நடுவில் நின்று நின்று இந்த உடம்பே ஒரு பாத்திரமாகிப்போயிருக்கும், தேய்த்துக் கழுவினாலும் போகாத வாசம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும், அவன் அவளைச் சற்றுத் தள்ளி உட்காரவைக்கப் பார்த்தான், வாசம் படாமல் இருக்கட்டும் என்று, அவளோ இன்னும் ஒட்டிக்கொண்டாள். கடையநல்லூரில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் சமையலுக்குக் கோதர் பண்டாரியைத்தான் கூப்பிடுவார்கள், அவன் தேக்சாவைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் தெரியும் என்பார்கள், அந்த அண்டா போன்ற பெரிய பாத்திரத்தில் எத்தனை ஊரின் பசி வெந்திருக்கும், அப்படிப்பட்டவன் இன்று காலையில் சொந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்காமல் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காவல் உட்கார்ந்திருக்கிறான், கொடுப்பதற்கே பழகிய கைகள் இரண்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் பிள்ளையின் முதுகில் கிடந்தன.

பெண்டாட்டி ஜொகரா வந்திருந்தால் இதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், ஆனால் பிரசவமாகி இன்னும் நாற்பது நாள் கழியவில்லை, பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டு எங்கே வருவாள், அதனால்தான் அவன் தனியாக வந்தான், வரும்போதே அவள் படித்துப் படித்துச் சொன்னாள், “பசின்னு அழுதா மனசு எளகிராதீங்க, உங்களுக்கு யாரு அழுதாலும் கரண்டிய எடுத்துருவீங்க.” மர்ஜானாவுக்கு அடிவயிற்றில் வலப்பக்கமாக, அழுதாலும் இருமினாலும் எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு வரும், படுத்தால் உள்ளே போய்விடும், குடலிறக்கம், சின்ன ஆபரேஷன்தான், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை அசையாமல் கிடக்காதே, முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றார்கள், மயக்கம் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது, பாலும் கூடாது, தண்ணீர்கூட அவர்கள் சொல்லும் நேரம் வரைக்கும்தான். நேற்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து விளக்கிச் சொன்னாள், முழித்திருக்கும்போது நம்முடைய தொண்டை காவல்காரன் மாதிரி, சோற்றை ஒரு பக்கம் அனுப்பும், மூச்சை இன்னொரு பக்கம் அனுப்பும், மயக்கத்தில் அந்தக் காவல்காரனும் தூங்கிவிடுவான், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் பிள்ளைக்கு ஆபத்து. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கேட்டதிலிருந்து அந்தக் காவல்காரன் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றான், காக்கிச் சட்டையும் கையில் தடியுமாக, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலை தொங்கித் தூங்குகிற ஒரு கிழவனாக.

பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் நேற்று ராத்திரி முழித்தான், காவல்காரன் கதை சொன்னால் பயந்துவிடுவாள், அதனால் வாயில் வந்ததைச் சொன்னான், நாளைக்கு நீயும் வாப்பாவும் நோன்பு என்றான், அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது, ரமலானில் பெரியவர்கள் எல்லோரும் பிடிக்கும்போது அவளுக்கு மட்டும் இல்லை என்று வருஷா வருஷம் அழுகிறவள் ஆயிற்றே, “நெசமாவா வாப்பா, முழு நோன்பா” என்றாள், முழு நோன்புதான் என்றான், “அப்ப சஹருக்கு எழுப்புவீங்களா” என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல் இந்த நோன்புக்கு விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாடு கிடையாது, இது ஆஸ்பத்திரி நோன்பு என்று சமாளித்தான், அவள் அதையும் நம்பினாள், எதைச் சொன்னாலும் நம்புகிற வயசு, காலையில் பல் தேய்த்துவிட்டபோது வாயில் விட்ட தண்ணீரை விழுங்காமல் அவ்வளவு கவனமாகத் துப்பினாள், துப்பிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள், ஒரு சொட்டு இல்லை பாருங்க என்று. வராந்தாவில் யாரோ இட்லித் தூக்கைத் திறந்தார்கள். சாம்பார் வாசம் வார்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு கட்டிலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது, பெருங்காயம் கூடிப்போச்சு என்று அவன் மூக்கு தன்னால் சொன்னது, பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள், கண்ணை மூடினால் வாசம் வராது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு.

மயக்கம், மயக்கம் என்று மனசு அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தது, தூக்கத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், தூங்குகிற பிள்ளையின் காலைத் தொட்டால் காலை இழுத்துக்கொள்ளும், மயக்கத்தில் கத்தியால் தொட்டாலும் இழுத்துக்கொள்ளாது, அப்படியென்றால் அந்த நேரம் பிள்ளை எங்கே இருக்கும், உடம்பை மேஜையில் விட்டுவிட்டு எங்கே போய் உட்கார்ந்திருக்கும், சின்ன வயசில் மதரசாவில் உஸ்தாது சொல்லுவார், தூங்கும்போது ரூஹு, அதாவது உயிர், வெளியே போய் உலாத்திவிட்டு விடியும்போது திரும்பி வரும் என்று, அதைக் கேட்ட அன்றைக்கு ராத்திரி அவன் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துவிட்டுப் படுத்தான், திரும்பி வருகிறபோது கதவு சாத்தியிருந்தால் என்ன செய்வது என்று, கொசு கடித்துத் தூங்கவே இல்லை. பஸ்ஸ்டாண்டில் பார்த்த ஒருத்தன் வேறு, என்ன பிள்ளையோடு கிளம்பியாச்சு என்று கேட்டான், சொன்னதும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, “நல்ல டாக்டரான்னு விசாரிச்சீங்களா, மயக்கம்தான் யோசனை” என்றான், யோசனை என்றால் என்ன யோசனை என்று கேட்பதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டான், பாதியில் நின்றுபோன அந்த வார்த்தை மட்டும் பஸ் ஏறாமல் கூடவே வந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிவரச் சொல்லி ஜெபக்கனி சிஸ்டர் அனுப்பினாள், பிள்ளையைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுக் கீழே போனான், லிஃப்ட் வரவில்லை, படியிலேயே இறங்கி ஏறினான், திரும்பி வந்தபோது மர்ஜானா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக, கையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு. அடுத்த கட்டில் பையனின் தாய், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, நல்ல மனுஷி, காய்ச்சலில் கிடக்கும் தன் மகனுக்குப் பாலில் பிஸ்கட்டை முக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள், இவனைப் பார்த்துச் சிரித்தாள். கோதர் மகளைத் தூக்கி மடியில் வைத்ததும் அவள் அவன் காதைப் பிடித்து இழுத்து வாயை ஒட்டவைத்துச் சொன்னாள், “வாப்பா, யார்ட்டயும் சொல்லக் கூடாது.” சொல்லலம்மா என்றான். “நோன்பு முறிஞ்சிட்டு.” அவள் மூச்சில் பால் வாசம் அடித்தது. எப்படி, என்ன, என்று அவன் கேட்க வாயெடுக்கும் முன்னால் அவளே அவசரமாகச் சொன்னாள், “மறந்துதான் தின்னேன். அந்த மாமி குடுத்தாவ, வாயில போட்ட பொறவுதான் ஞாபகம் வந்துச்சு. மறந்து தின்னா முறியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. முறியாதுல்லா வாப்பா?”

சொன்னான், சொன்னது உண்மைதான், போன ரமலானில் ஜொகரா குழம்பில் உப்புப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றபோது அவன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான், மறந்து தின்றால் முறியாது, அல்லாவே ஊட்டிவிட்டான் என்று நினைச்சிக்கோ என்று, இந்தப் பிள்ளை அதை எங்கேயோ நின்று கேட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறது. முறியாதும்மா என்றான். அவள் பெருமூச்சு விட்டுத் தலையை அவன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள், அவ்வளவுதான், அவளுக்கு முடிந்துவிட்டது, அவனுக்குத்தான் ஆரம்பித்தது. மறந்து தின்றதை அல்லா மன்னிப்பான், வயிறு மன்னிக்குமா, அந்த ஸ்டூலில் தூங்குகிற கிழவன் மன்னிப்பானா. எத்தனை தின்றாய் என்று மெதுவாகக் கேட்டான், ஒண்ணு என்றாள், முழுசா என்றான், யோசித்துவிட்டு, ஒண்ணு, பொறவு ஒண்ணு என்றாள், பாலில் முக்கியதா என்றான், தலையாட்டினாள். இரண்டு பிஸ்கட், ஒரு மிடறு பால், அது என்ன செய்துவிடும், இந்நேரம் கரைந்தே போயிருக்கும், ஒரு பிள்ளைக்கு அது வாய் நனைவதற்குக்கூடக் காணாது, ஆனாலும் பாலில் ஊறிய பிஸ்கட் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியுமே, கூழ் போல, பிசுபிசுவென்று, எந்தச் சந்திலும் நுழைந்துகொள்ளும். சொன்னால் இன்றைக்கு ஆபரேஷன் நின்றுபோகும், மதுரையிலிருந்து வருகிற டாக்டர், வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார், அடுத்த வாரம் இன்னொரு தடவை பஸ், இன்னொரு பட்டினி, இன்னொரு பொய், ஜொகரா பச்சை உடம்போடு இன்னொரு ராத்திரி தூங்காமல் கிடப்பாள், சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும், இரண்டு பேரும் ரகசியம் பேசியாகிவிட்டது, சொல்லலம்மா என்று சொல்லியும் ஆகிவிட்டது, அவள் எதையும் மறக்கிற பிள்ளை இல்லை. ஒன்றும் ஆகாது. ஆகாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தச் சொல் ஒரு தடவைகூட அடியைத் தொடவில்லை, கிணற்றில் போட்ட கல் விழுந்த சத்தமே கேட்காத மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

ஜெபக்கனி பச்சை அங்கியோடு வந்தாள், “வாங்க பாய், பாப்பாவுக்கு இத மாட்டுங்க, கூப்பிட்டுட்டாங்க” என்றாள், மாட்டினான், முதுகில் நாடாவைக் கட்டினான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீளமான வராந்தாவில் நடந்தான், எதிரே எல்லாம் வெள்ளையாக, தரையில் குழல்விளக்குகள் தலைகீழாக எரிந்தன, தண்ணீர்மேல் நடப்பது போலிருந்தது, அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் ஓடும் விளக்குகளை எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள், அவளுக்குப் பயமே இல்லை, பயத்தையெல்லாம் அவனிடம் கொடுத்துவிட்டாள். தியேட்டர் வாசலில் டாக்டரம்மா தொப்பியோடு நின்றாள், முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது, “மர்ஜானாதானே, நல்ல பேரு” என்றாள் பிள்ளையிடம், பிறகு அவனிடம், “ராத்திரிக்குப் பிறகு ஏதாவது குடுத்தீங்களா?” மர்ஜானா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மனசுக்குள் இன்னும் இரண்டு பக்கமும் பேசி முடியவில்லை, ஒரு பக்கம் வாரத்தில் ஒரு நாள் என்றது, இன்னொரு பக்கம் பிசுபிசுவென்று என்றது, தீர்ப்புச் சொல்ல யாருமே வரவில்லை, அதற்குள், “கொஞ்சம் முந்தி ரெண்டு பிஸ்கட் தின்னுட்டா டாக்டர், பால்ல முக்கி” என்று ஒரு குரல் கேட்டது, அது தன் குரல்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. அவன் திட்டுக்குத் தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றான், அவள் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள், உள்ளே போய் யாரிடமோ பேசினாள், திரும்பி வந்து, “நல்லவேளை சொன்னீங்க. சர்ஜன் சாயங்காலம் வரைக்கும் இருக்கார், மத்த கேஸையெல்லாம் முடிச்சிட்டு கடைசியா எடுத்துக்கலாம். அதுவரைக்கும் வேற எதுவும் வேண்டாம், தாகம்னா இப்ப ரெண்டு மடக்கு தண்ணி மட்டும் குடுங்க” என்றாள். அவ்வளவுதான். இவ்வளவுதானா என்று சுருக்கிய தோளை அப்போதுதான் இறக்கினான். ஆனால் மர்ஜானா அழவில்லை, அதுதான் அவனைக் கலக்கியது, கழுத்தைக் கட்டியிருந்த இரண்டு கையும் தளர்ந்து இறங்கின, வார்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் ஒரு மூட்டை போலக் கனத்தாள், கட்டிலில் இறக்கிவிட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க” என்றாள் சுவரிடம். அடுத்த கட்டில்காரி விஷயம் கேள்விப்பட்டு மாரில் கையை வைத்துக்கொண்டாள், “ஐயோ அண்ணே, எனக்குத் தெரியாதே, பிள்ளை பாத்துக்கிட்டே இருந்துச்சு, மனசு கேக்கல” என்று கண் கலங்கினாள், அவளைத் தேற்றுவதும் அவன் வேலையாயிற்று, நீங்க என்ன செய்வீங்கம்மா, பிள்ளை பார்த்தா யாருதான் குடுக்க மாட்டாங்க என்றான், அது உண்மை, அவனாக இருந்தால் மூன்று கொடுத்திருப்பான்.

ஜொகராவிடம் போனில் சொன்னபோது பின்னால் சின்னது அழும் சத்தம் கேட்டது, “நீங்க எங்க போயிருந்தீங்க” என்றாள், ரிப்போர்ட் வாங்க என்றான், “கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா” என்றாள், போயிருக்கலாம் என்றான், பிறகு அவள் குரல் மாறி, “சொல்லிட்டீங்கள்லா, அது போதும். சொல்லாம விட்டிருந்தா நான் உங்கள என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல” என்றாள், அந்தச் சின்னக்குட்டியின் அழுகை நின்றிருந்தது, பால் குடிக்கிறது போல, குடிக்கிற சத்தம் போன் வழியாகக் கேட்பதாக அவனுக்குத் தோன்றியது, மர்ஜானாவும் இப்படித்தான் குடிப்பாள், முழுங்க முழுங்க மூக்கால் ஒரு சத்தம், ஒரு பிள்ளை அங்கே குடிக்கிறது, ஒரு பிள்ளை இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது, நடுவில் இவ்வளவு வெயில்.

மத்தியானம் நகரவில்லை. மின்விசிறி காற்றைத் தள்ளாமல் கிண்டிக்கொண்டிருந்தது, அடிப்பிடிக்காமல் கிண்டுகிற ஒரு பெரிய கரண்டி போல, கோதர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கியின் நாடா இடைவெளியில் முதுகெலும்பு மணிமணியாகத் தெரிந்தது, ஒரு கையை அதன்மேல் வைத்தான், அவள் தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை. பசி அவனுக்கு முதலில் வயிற்றில் இருந்தது, பிறகு தலைக்குப் போய், பிறகு எங்கேயோ வெளியே போய்விட்டது, அவனை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பச்சைப் பொய்யாக நோன்பு என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் ரகசியம் சொல்லியிருக்கமாட்டாள், ரகசியம் சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது, தெரியாமல் இருந்திருந்தால் அந்நேரம் அந்தக் கதவுக்குள் அவள், இதற்குமேல் யோசனை போகவில்லை, மாடு போல ஓரிடத்தில் நின்றுவிட்டது, இழுத்தால் திரும்பவும் பொய்யிலிருந்து ஆரம்பித்தது. கண் சொருகியது. ஒரு கல்யாண வீடு, பந்தி முழுக்கப் பிள்ளைகள், எல்லாரும் பச்சை அங்கி, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்க்கிறார்கள், தேக்சா தம்மில் இருக்கிறது, மூடியின்மேல் கங்கு, திறக்கக் கூடாது, இன்னும் நேரமாகவில்லை, உள்ளே யாரோ மெதுவாகத் தட்டுகிறார்கள், திறங்க வாப்பா என்று, திறந்தால் ஆவி போய்விடும், சோறு வேகாமல் போய்விடும், திறக்காவிட்டால், அவன் வெறுங்கையால் கங்கைத் தள்ளினான், கை சுடவில்லை, விழித்துப் பார்த்தான், மர்ஜானா திரும்பிப் படுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தூங்கிட்டீங்களா வாப்பா” என்றாள். இல்லம்மா என்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கோபமா பசியா என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது ஜெபக்கனி ஒரு சின்ன மூடியில் மருந்து கொண்டுவந்து ஊற்றினாள், பதற்றம் தெரியாமல் இருக்கத்தான், பாதித் தூக்கம் வரும் என்றாள், கொஞ்ச நேரத்தில் பிள்ளை அவன் மடியில் இளகினாள், எலும்பெல்லாம் கரைந்தது போல, காரணமில்லாமல் சிரித்தாள், “வாப்பா, உங்களுக்கு ரெண்டு மூக்கு” என்றாள், ஒன்றைப் பிடிக்க வந்த விரல் அவன் கன்னத்தில் வழுக்கிப் போயிற்று, “ஃபேன் கீழ வருது, தலைய குனிங்க” என்றாள், அவன் குனிந்தான், காலையில் நடந்த எதுவும் அவள் முகத்தில் இல்லை, அவ்வளவு லேசாகப் போய்விட்டாள், அவனுக்கு அழுகை வந்தது, மருந்து போட்டால் மன்னித்துவிடலாம் போல. இந்தத் தடவை வராந்தா சின்னதாக இருந்தது. வாசலில் டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டாள், ஒன்றுமில்லை டாக்டர், நான் நகரவே இல்லை என்றான், அவள் கையை நீட்டினாள், அவன் கொடுக்க வேண்டும், கொடுப்பதுதானே அவன் தொழில், கை நீண்டது, விரல்கள் மட்டும் விடவில்லை, டாக்டரம்மா ஒவ்வொரு விரலாகக் காத்திருந்தாள். பிள்ளையின் தலை அந்நியத் தோளில் சாய்ந்து, கண் பாதி திறந்து, அவனைத் தாண்டி எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே போயிற்று, கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மூடிய கதவுக்கு வெளியே அவனால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, ஜன்னல் பக்கம் போனான், கீழே ஒரு கொய்யா வண்டிக்காரன் பழத்தைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தான், இந்நேரம் காலை இழுத்துக்கொள்ளாத இடத்துக்குப் போயிருப்பாள், கொய்யாக்காரன் ஒரு பழத்தை நான்காகக் கீறினான், இந்நேரம் கத்தி, வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கம்பியைத் தொட்டுப் பார்த்தான், திறந்துதான் இருந்தது, அந்தப் பக்கத்து ஜன்னல் கதவையும் திறந்து வைத்தான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினான், பாதியில் மறந்து மறுபடி தொடக்கத்துக்கு வந்தான், ஊருக்கே ஆக்கிப்போட்டேனே, வயிறு நிறைந்தவர்கள் எத்தனை பேர் கையைத் தூக்கி துஆ கேட்டிருப்பார்கள், அதில் ஒன்றுகூடவா இந்தப் பக்கம் வராது என்று கேட்டான், கேட்டவுடனே வெட்கமாகப் போயிற்று, சோறு போட்டதற்குக் கூலி கேட்பது போல, சரி, ஒன்றும் வேண்டாம், அவள் திரும்பி வந்து என்னிடம் பேசாமலே இருக்கட்டும், ஆயுசுக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், இருந்தால் போதும்.

“நல்லபடியா முடிஞ்சிட்டு பாய், தெளிஞ்சிக்கிட்டு இருக்கா, உள்ள வாங்க” என்று ஜெபக்கனி கூப்பிட்டபோது அவன் செருப்பைக் கழற்றவும் மறந்து ஓடினான், அவள் கழற்றச் சொன்னாள். திரைக்குப் பின்னால் மர்ஜானா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தாள், அது அவள் அழுகை இல்லை, அவள் அழுகையெல்லாம் அவனுக்குத் தெரியும், பசி அழுகை, பிடிவாத அழுகை, விழுந்த அழுகை, இது எங்கேயோ தூரத்திலிருந்து வந்து அவள் வாயை இரவல் வாங்கி அழுதது, கண் திறந்திருந்தது, பார்வை இல்லை, “வாப்பாட்ட போவணும், வாப்பாட்ட போவணும்” என்று கட்டிலை விட்டு இறங்கப் போனாள், நான்தாம்மா வாப்பா, இந்தா இருக்கேன் என்று அவன் அணைத்தான், அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், நேராக, நன்றாக, பார்த்துவிட்டு இன்னும் பயந்து கத்தினாள், “நீ இல்ல, நீ இல்ல, விடு.” நீ என்றாள். வாப்பாவை ஒரு நாளும் நீ என்று சொல்லாத பிள்ளை. காலையில் காட்டிக்கொடுத்ததற்கு இதுதானா, போன இடத்தில் யாரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள் இவன் உன் வாப்பா இல்லை என்று, அவன் கை தளர்ந்தது, “விட்டுராதீங்க, தையல் இருக்கு, எங்கயாவது இடிச்சிக்கிடுவா” என்று ஜெபக்கனி இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே சொன்னாள், “மருந்து தெளியுறப்ப சில பிள்ளைங்க இப்படித்தான் பாய், முழிச்ச மாதிரி இருக்கும், முழிக்கல. உங்களத் தெரியாம இல்ல, அவளுக்கு அவளையே இன்னும் தெரியல. சமாதானம் சொல்ல வேண்டாம், மெல்லப் பேசிக்கிட்டுப் பிடிச்சிக்கிட்டு மட்டும் இருங்க, அடங்கிரும்.” பிடித்துக்கொண்டான். அவள் அடித்தாள், பிறாண்டினாள், மணிக்கட்டுக்குமேல் பல் பதியக் கடித்தாள், அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, வாப்பா வந்துருவாவ, வாப்பா வந்துக்கிட்டு இருக்காவ என்று சொல்லத் தொடங்கினான், தன்னையே வேறு யாரோ போலச் சொன்னான், பஸ் ஏறிட்டாவ, பாலத்துக்கிட்ட வந்துட்டாவ, படி ஏறுதாவ, என்று ஒரே தாளத்தில், சொல்லச் சொல்ல அவனுக்கே அந்த மனுஷன் வருவது தெரிந்தது, அவன் வந்து சேரட்டும் என்று அவனும் காத்திருந்தான், கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து வெறும் வாயாகி, வாய் வெறும் மூச்சாகி, பிள்ளை அவன் கையின்மேல் சரிந்து தூங்கினாள்.

சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்தபோது வார்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். “வாப்பா” என்றாள், சாதாரணமாக, வீட்டில் பாயில் கிடந்து கூப்பிடுவது போல. ஒரு கரண்டி தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தான், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, முதல் கரண்டியைக் கொஞ்சமாகக் கக்கினாள், இரண்டாவது நின்றது, அவள் தொண்டை ஏறி இறங்கியதை அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான், அந்தக் கிழவன் எழுந்துவிட்டான், வேலைக்கு வந்துவிட்டான். வலிக்குதா என்றதற்குக் கொஞ்சம் என்றாள். வயிற்றில் கட்டு இருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். பிஸ்கட்டைப் பற்றியோ சுவரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டு, “நீங்க இல்லாதப்ப இங்க ஒரு ஆளு இருந்தாவ” என்றாள்.

“யாரும்மா?”

“தெரியல. என்னப் பிடிச்சிக்கிட்டே இருந்தாவ. விடுன்னு சொன்னேன், விடவே இல்ல. நான் கடிச்சேன்.” சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. “நல்லாக் கடிச்சிட்டேன். அவுங்க ஒண்ணுமே சொல்லல.”

கோதர் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்தான்.

“அவுங்களுக்கு வலிச்சிருக்குமா வாப்பா?”

“இல்லம்மா. வலிக்கல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் மூன்றாவது கரண்டித் தண்ணீரை அவள் உதட்டருகே கொண்டுபோனான். அவள் குடிக்காமல் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாவ” என்றான்.